பிள்ளைகள் தாங்கலை மறப்பது ஏன்?

அய்யா உண்டு.



நம் ஊர்களில் இன்று நிழல்தாங்கல்களுக்குக் குறைவில்லை. ஓலைக் கூரையாக இருந்தவை கான்கிரீட் கட்டடங்களாகிவிட்டன. தரைக்கு டைல்ஸ், வாசலில் வளைவு, திருவிழாவுக்கு மைக் செட், எல்லாம் உண்டு. ஆனால் திருவிழா இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்கு வந்து பாருங்கள். முன்னால் நரைத்த தலைகள் நிற்கும். பின்னால் இனிமம் வாங்க நாலைந்து சிறு பிள்ளைகள் நிற்கும். நடுவில் நிற்க வேண்டிய 15 வயது முதல் 35 வயது வரை உள்ள மக்கள் எங்கே?

அவர்கள் அய்யாவை மறுத்தவர்கள் அல்ல. வேறு மதத்துக்குப் போனவர்களும் அல்ல. கேட்டால், "நாங்க அய்யாவழிக் குடும்பம்தான்" என்பார்கள். வண்டியில் தாமரையும் சோதியும் ஒட்டியிருக்கும். "என்ன மக்கா, தாங்கலுக்கு வரலியா?" என்று கேட்டால், "பாப்பம் சித்தப்பா" என்று ஒரு வார்த்தை. அந்த "பாப்பம்" என்ற சொல்லில்தான் ஒரு தலைமுறை நழுவிக்கொண்டிருக்கிறது.

மறுக்கிறவனோடு பேசலாம். "அய்யா அவதாரம் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்கிறவன் இன்னும் அய்யாவைப் பற்றி நினைத்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை. எதையும் கேட்காமல், எதையும் மறுக்காமல், சும்மா விலகிப் போகிறவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இந்த அக்கறையின்மை எல்லா மதங்களிலும் உண்டு. ஆனால் நம் வழியை அது மற்றவர்களைவிட அதிகமாகத் தாக்கும். காரணம், அய்யா நமக்குத் தந்த வழியின் அமைப்பே அப்படி. அய்யா காணிக்கையை விலக்கினார், உயிர்ப்பலியை விலக்கினார். தெய்வத்துக்கும் மக்களுக்கும் நடுவே நிற்கும் பூசாரியை விலக்கினார். வராவிட்டால் அபராதம் கிடையாது. பெயர் எழுதி வைக்கும் புத்தகம் கிடையாது. தெய்வக் குற்றம் வந்துவிடும் என்ற பயமுறுத்தலும் கிடையாது. பயத்தால் கட்டிய கூட்டம் அல்ல இது. அன்பு ஒன்றால் கட்டியது. அதனால்தான் அன்புக்கொடி மக்கள் என்று பெயர். அந்த அன்பு வற்றினால் இழுத்துப் பிடிக்க நம்மிடம் வேறு கயிறு இல்லை. இது நம் வழியின் குறை அல்ல, பெருமை. ஆனால் அந்தப் பெருமையைக் காப்பாற்ற ஒவ்வொரு வீடும் பாடுபட வேண்டும்.

அன்பு எப்படி வற்றுகிறது? காரணம் தெரியாமல் செய்கிற காரியத்தில் அன்பு நிற்காது. தலைப்பாகையை எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கலுக்குள் நுழையும் பையனிடம், "சட்டையைக் கழற்று, தலையில துண்டைக் கட்டு" என்கிறோம். அவன் கட்டுகிறான். ஏன் கட்டுகிறோம் என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்?

அய்யா கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி 20-ஆம் நாள், அதாவது 1833-இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்தபோது தென்திருவிதாங்கூரில் நம் முன்னோரின் நிலை என்ன? தலைக்கு வரி, பனைக்கு வரி. கூலி இல்லாத ஊழியம். ஆண் தலைப்பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பெண் மார்பை மறைக்கக் கூடாது, இடுப்பில் தண்ணீர்க் குடம் எடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில்தான் அய்யா, "தலைப்பாகை கட்டி என் முன்னால் வா" என்றார். நம் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1859-இல். அய்யா வைகுண்டம் சென்றது 1851-இல். அரசு இறங்கி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அடி விழும் என்று தெரிந்தும், அந்த மக்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அய்யா முன்னால் நின்றார்கள்.

இதைச் சொல்லி ஒரு பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிவிடுங்கள். அவன் அதை வெறும் துண்டாக நினைக்க மாட்டான். சொல்லாமல் கட்டிவிட்டால், வெளியே வந்ததும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

முத்திரிக்கிணறும் அப்படித்தான். இன்று பதிக்குப் போகிறவர்கள் அவசரமாகப் பதம் விட்டுவிட்டு வரிசைக்கு ஓடுகிறார்கள். தொட்டால் தீட்டு, கண்டால் தீட்டு என்று இருந்த நாட்டில், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் குளித்து, ஒரே நீரைக் குடித்த இடம் அது. அதை அறிந்தவன் இன்னொருவனைச் சாதி சொல்லித் தாழ்த்த மாட்டான். அறியாதவன், குளித்த ஈரம் காயும் முன்னே வெளியே வந்து சாதி பேசுவான். தாங்கலுக்கு வராதவன் மட்டும் விலகிப் போகவில்லை, அன்பர்களே. வந்தும் இதை மறந்தவன் இன்னும் தூரமாகப் போயிருக்கிறான்.

"மனசுல நினைச்சா போதாதா? தாங்கலுக்கு வந்துதான் ஆகணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசு இருந்த எழுநூறு குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அவர்களும் வீட்டில் இருந்தபடியே மனதில் நினைத்திருக்கலாம். ஆனால் வீட்டை விட்டு வந்து, மூன்று நேரம் கடலில் குளித்து, துணி துவைத்து, ஒரு வேளை மட்டும் உண்டு, ஒன்றாக இருந்தார்கள். ஒன்றாகக் குளித்து, ஒன்றாக உண்டதில்தான் அவர்கள் பயம் போயிற்று. மனதில் நினைப்பது தனி ஆளுக்கு ஆறுதல் தரும். ஒரு மக்களை நிமிர்த்த, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானையில் இந்தத் தவசு விரிவாக வருகிறது. கார்த்திகை மாதம் சாமிதோப்பில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. தாங்கல்களிலும் வாசிக்கிறோம். திருக்கல்யாணம் வாசிக்கும் நாளில் நிற்க இடம் இருக்காது. அன்று சுருள் வைக்க வரிசை நீளும். துவையல் தவசு வாசிக்கும் நாளில் பாய் காலியாகக் கிடக்கும். கல்யாணத்துக்கு வருவது நல்லதுதான். ஆனால் பாடுபட்ட கதையைக் கேளாத பிள்ளைக்குக் கல்யாணம் ஒரு விருந்து மட்டுமே.

அவதார தினத்துக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அன்று நாகர்கோவில் நாகராஜா திடலில் இருந்து சாமிதோப்புக்குப் போகும் ஊர்வலத்தில் லட்சக்கணக்கான மக்கள் நடக்கிறார்கள். பார்க்கவே உள்ளம் பூரிக்கிறது. ஆனால் அந்த ஒரு நாள் நடந்த கால்கள் மற்ற நாட்களிலும் தாங்கல் படி ஏற வேண்டும்.

அதற்கு என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மாலையில் விளக்கேற்றும்போது டிவியைக் கால் மணி நேரம் நிறுத்துங்கள். உகப்படிப்பைப் பிள்ளைகளையே சொல்ல விடுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்க வேண்டாம். ஏடு வாசிப்புக்கு ஒரு நாள் கூட்டி வருவதானால், துவையல் தவசு நாளில் கூட்டி வாருங்கள். தாங்கலில் பிள்ளைகளை ஓரமாக உட்காரச் சொல்லாமல் வேலை கொடுங்கள். தண்ணீர் எடுக்கட்டும், நாமம் குழைக்கட்டும், அன்னதர்மத்தில் இலை போடட்டும். பணிவிடை செய்த கைக்கு அந்த இடம் மறக்காது. வீட்டிலோ தாங்கலிலோ பிள்ளை கேள்வி கேட்டால் அதட்ட வேண்டாம். "நான் ஏன் தலைப்பாகை கட்டக் கூடாது?" என்று கேட்கத் துணிந்தவர்களின் வழி இது. பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "வா, ஏட்டில் பார்ப்போம்" என்று கூட்டிப் போங்கள்.

வேலைக்காகச் சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போயிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் தாங்கல் இல்லை என்பது உண்மைதான். நாமம் இட ஒரு விரல் போதும், விளக்கு வைக்க ஒரு மூலை போதும். பசித்து வருகிற ஒருவனுக்கு உங்கள் அறையில் ஒரு நேரச் சாப்பாடு கொடுத்தால், அதுவும் அன்னதர்மம்தான். ஊருக்கு வரும்போது தாங்கலுக்கு வாருங்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. பெரியவர்களே, நீங்களும் கேட்க வேண்டாம். "வா மக்கா" என்று மட்டும் சொல்லுங்கள்.

பள்ளியறையில் அய்யா சிலை வைக்கவில்லை, கண்ணாடி வைத்தார். பத்து ஆண்டு கழித்து வந்து நின்றாலும் அதில் தெரிவது உங்கள் முகம்தான். நெற்றியில் நாமம் இட்டு, தலையில் பாகை கட்டி, அந்த முகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். குனிந்து கிடந்த ஒரு தலையை நிமிர்த்தி அய்யா உங்களிடம் கொடுத்திருக்கிறார். அதை உங்கள் பிள்ளைக்கும் நிமிர்ந்தபடியே கொடுங்கள்.

அய்யா உண்டு.