நைனிதால் ஆலயமும் 1880ஆம் ஆண்டின் நிலச்சரிவும்

இமயமலையின் குமாவுன் பகுதியில் பிறைபோல் வளைந்து கிடக்கும் ஏரியைச் சுற்றி அமைந்த நைனிதால், சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேயர் 1840களில் தமக்கென உருவாக்கிக்கொண்ட கோடைவாசத்தலமாகும். அங்கே மல்லிதால் எனப்படும் வடபகுதியில் உள்ள வனாந்தரத்துப் புனித யோவான் ஆலயத்துக்கு, 1844இல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் இடம் தேர்ந்து பெயரும் சூட்டினார். 1846இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1848இல் வழிபாடு தொடங்கியது. பேராயர் என்பவர், ஆங்கிலிக்கன் மரபில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த சபைகளில், ஒரு திருமண்டலத்தின் தலைமைக் குரு ஆவார்.

ஓய்வுக்காக மக்கள் கூடும் ஊரில், மனந்திரும்புங்கள் என்று வனாந்தரத்தில் அறைகூவிய யோவான் ஸ்நானகனின் பெயரால் ஓர் ஆலயம் எழுந்தது எளிதில் கடந்துவிடத்தக்க செய்தியன்று. அக்காலக் கல்வி பெற்ற ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள் பலர், வில்லியம் பேலி 1802இல் எழுதிய நூலின் வழியாக இயற்கை இறையியலில் தோய்ந்திருந்தனர். படைப்பில் காணும் ஒழுங்கிலிருந்து படைத்தவரின் அறிவையும் நன்மையையும் உய்த்துணரலாம் என்பதே அக்கொள்கையின் சாரம். ஏரியும் மலையும் சூழ்ந்த ஆலயத்தில் அதை நம்புவது கடினமாக இருந்திராது.

1880 செப்டம்பர் 18 அன்று, இரண்டு நாள்களாக விடாது பெய்த பெருமழையில் ஊறிய ஷேர்-கா-தண்டா மலைச்சரிவு இடிந்து விழுந்தது. காலையில் நேர்ந்த முதற்சரிவில் புதைந்தவர்களை மீட்கப் படைவீரரும் அதிகாரிகளும் தொழிலாளரும் மண்ணை அகழ்ந்துகொண்டிருந்தபோது, பிற்பகலில் அதனினும் பெரிய சரிவு இறங்கி, மீட்க வந்தவர்களையே மூடியது. விக்டோரியா விடுதியும், ஏரிக்கரையில் இருந்த நைனா தேவி கோயிலும் அழிந்தன. இறந்தோர் 151 பேர். அவர்களுள் 108 பேர் இந்தியர். ஆலயத்தின் பித்தளைப் பலகையில் மாண்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இங்கே இயற்கை இறையியல் தன் வரம்பை அடைகிறது. மலையின் எழில் இறைவனின் நன்மைக்குச் சான்றானால், அதே மலையின் சரிவு எதற்குச் சான்று? அதைப் பாவத்துக்கான தண்டனை என்று கொள்வது, பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரை இழந்தவர்களையே குற்றவாளிகளாக்கும் கொடிய விடையாகும். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் எருசலேமின் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு தெளிவாக மறுக்கிறார்; மறுத்த கையோடு, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொல்கிறார். கேடு ஏன் வந்தது என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. மாண்டவர்மீது சுமத்தப்படும் பழியை நீக்கி, பொறுப்பை உயிரோடிருப்பவரிடம் ஒப்படைக்கும் இந்த மறுமொழியே, தேர்ந்த தத்துவ விளக்கங்கள் பலவற்றைக் காட்டிலும் நேர்மையானது.

நைனிதாலில் அப்பொறுப்புக்குப் பருப்பொருள் வடிவமும் உண்டு. உறுதியற்ற பாறையாலான சரிவுகளை வெட்டி வீடுகள் எழுப்பியதும், மழைநீர் வடிய வழியின்றி மண்ணுள் இறங்கியதும் கேட்டைப் பெரிதாக்கியிருந்தன. 1867இலும் அங்கே மண் சரிந்திருந்தது. 1880க்குப் பின்னரே சரிவுகளெங்கும் வடிகால்கள் விரிவாகக் கட்டப்பட்டன. கோயிலும் ஏரிக்கரையில் மீண்டும் எழுந்தது. மனந்திரும்புதல் என்பது உள்ளத்தின் துயரத்தோடு நின்றுவிடாமல் நடத்தையின் மாற்றமாகவும் வேண்டும் என்று யோவான் கற்பித்ததால், அவ்வடிகால்களைத் தூர்ந்துபோகாமல் காப்பதும் சரிவுகளில் கட்டடம் பெருகாமல் தடுப்பதும், 1970 முதல் வட இந்தியத் திருச்சபையின் பகுதியாக விளங்கும் அவ்வாலயத்தின் சமயக் கடமைக்குள்ளேயே அடங்குகின்றன.