அந்த ஏழு நிமிடத்துக்குக் கூலி

ஷிப்ட் மாறும் நேரம். நகரும் நடைபாதையில் தொழிலாளர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கோமாளி வேடம் போட்ட ஒருவன் மேலே பறந்து வந்து, அவர்கள் தலையில் மூட்டை மூட்டையாக ஜெல்லி மிட்டாயைக் கொட்டுகிறான். நடைபாதை இயந்திரம் திணறி நிற்கிறது. ஜனங்கள் சிரிக்கிறார்கள். ஷிப்ட் ஏழு நிமிடம் தாமதமாகிறது. ஹார்லன் எலிசன் 1965-இல் எழுதிய ‘ரிப்பென்ட், ஹார்லக்வின்! செட் த டிக்டாக்மேன்’ கதையில் வரும் காட்சி இது. அந்த உலகத்தில் ஒருவர் நேரம் தவறினால், தவறிய நிமிடங்களை அவர் ஆயுளிலிருந்தே கழித்துவிடுவார்கள். நெபுலா விருது தொடங்கிய முதல் ஆண்டின் சிறுகதைப் பரிசும், 1966-இன் ஹியூகோ விருதும் இந்தக் கதைக்குத்தான் கிடைத்தன.

அருமையான கதைதான். ஆனால் வெள்ளகோவிலில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வரும்: அந்த ஏழு நிமிடத்துக்குக் கூலி யார் கொடுப்பது?

காங்கயத்துக்குக் கிழக்கே, திருச்சி–கோவை சாலையில் இருக்கிற ஊர் இது. விசைத்தறி, நூல் மில், எண்ணெய் ஆலை என்று ஓடிக்கொண்டிருக்கும். தறியில் பெரும்பாலும் நெய்த அளவுக்குத்தான் கூலி. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்த வேண்டும். அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, விழுதுக் கண்ணில் நுழைத்து, அச்சுப் பல்லில் இழுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். தறி நிற்கிற அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. ஆகவே ஷிப்டை நிறுத்தியவனைக் கலகக்காரன் என்று கொண்டாடுவதற்கு முன்னால், நின்ற நேரம் யார் கணக்கில் ஏறுகிறது என்று பார்ப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். எலிசன் அந்தக் கணக்குக்குள் போகவில்லை. அவருக்கு அதிகாரியும் கோமாளியும் போதும். நடைபாதையில் நிற்பவர்கள் வெறும் கூட்டம்.

விருதுப் பட்டியலில் வரும் அறிவியல் சிறுகதைகளை நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் படிக்கிறேன். குறுகிய அளவுகோல் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன்.

பட்டியல் எப்படி உருவாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெபுலாவுக்கு ஓட்டுப் போடுவது அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்து உறுப்பினர்கள். ஹியூகோவுக்கு, ஆண்டுதோறும் நடக்கும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது பணம் கட்டிச் சேர்ந்த வாசகர்கள். ஆங்கிலத்தில் 7,500 வார்த்தைக்குக் குறைந்தால் சிறுகதை. அதற்கு மேல் 17,500 வரை நெடுங்கதை. பிறகு 40,000 வரை குறுநாவல். ஹியூகோ ஓட்டுச் சீட்டில் ‘யாருக்கும் வேண்டாம்’ என்றும் ஓர் இடம் உண்டு. 2015-இல் ஒரு கோஷ்டி முன்கூட்டியே பேசிவைத்துப் பரிந்துரைகளை நிரப்பியபோது, வாக்காளர்கள் சிறுகதைப் பிரிவில் அதைத்தான் ஜெயிக்க வைத்தார்கள். ஆகவே பட்டியலில் இருப்பதாலேயே கதை நல்லது என்று ஆகாது. ஒரு கூட்டத்துக்கு அந்த வருடம் எது பிடித்தது என்பதற்கு மேல் பட்டியல் எதற்கும் சாட்சி சொல்லாது.

அடுத்த வருடமே நெடுங்கதைப் பிரிவில், ஸ்டீபன் கிங்கும் போட்டியில் இருக்க, சீன எழுத்தாளர் ஹாவ் ஜிங்ஃபாங் ஜெயித்தார். கதை ‘ஃபோல்டிங் பெய்ஜிங்’. ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் கென் லியூ. எலிசன் தவிர்த்த கணக்கை ஹாவ் எடுத்து முழுசாகப் போட்டிருக்கிறார்.

பெய்ஜிங் நகரம் மடங்கிப் புரளக்கூடியது. ஒரே நிலத்தை, மூன்று ‘வெளி’களாகப் பிரிந்த மூன்று வர்க்கங்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. முதல் வெளியில் 50 லட்சம் பேர். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை, முழுசாக 24 மணி நேரம் அவர்களுக்கு. பிறகு நிலம் புரளும். இரண்டாம் வெளியின் இரண்டரைக் கோடிப் பேருக்குக் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை. மூன்றாம் வெளியின் ஐந்து கோடிப் பேருக்கு மிஞ்சுவது இரவு பத்திலிருந்து விடியற்காலை ஆறு வரை, எட்டே மணி நேரம். மற்ற நேரமெல்லாம் மருந்தின் மயக்கத்தில் தூக்கம். நாயகன் லாவ் டாவ் குப்பை பிரிக்கும் தொழிலாளி. தெருவில் கிடைத்து, தான் எடுத்து வளர்க்கும் பெண் குழந்தையை நல்ல பாலர் பள்ளியில் சேர்க்கப் பணம் வேண்டும். அதற்காக, பிடிபட்டால் சிறை என்று தெரிந்தும், ஒரு காதல் கடிதத்தை முதல் வெளிக்குக் கடத்திப் போகிறான்.

இதில் என்னை உலுக்கியது நகரம் மடங்குகிற வித்தை அல்ல. முதல் வெளியின் விருந்து ஒன்றில், குப்பையைத் தானியங்கி முறையில் கையாளும் திட்டத்தை ஒருவர் முன்வைக்கிறார். மேலே இருப்பவர் ஒத்துக்கொள்வதில்லை. குப்பை வேலையை எடுத்துவிட்டால் அத்தனை கோடிப் பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர்கள் உழைப்பு பொருளாதாரத்துக்குத் தேவையே இல்லை. அவர்களுக்கு ஒரு பிழைப்பைக் காட்டத்தான் அந்த வேலை விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. வில்லன் என்று ஒருவரைக் காட்ட முடியாதபடி எழுதியிருக்கிறார் ஹாவ். லாவ் டாவும் கலகம் செய்யவில்லை. திரும்பி வந்து வேலைக்குக் கிளம்புகிறான். பழைய தறியை எடுத்துவிட்டு நாடா இல்லாத தறி போட்ட கொட்டகையில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் கற்பனை எவ்வளவு குறைவு என்பது புரியும்.

இன்னொரு பக்கம் நவோமி கிரிட்சரின் ‘பெட்டர் லிவிங் த்ரூ அல்காரிதம்ஸ்’. 2024-இல் சிறுகதைக்கான ஹியூகோ வாங்கியது. கைபேசிச் செயலி ஒன்று மனிதர்களின் நாளை ஒழுங்குபடுத்துகிறது. படம் வரையச் சொல்கிறது, நண்பர்களைச் சேர்த்துவைக்கிறது. இதமான, புத்திசாலித்தனமான கதை. படித்தேன், பிடித்தது, மறந்தேன். தன் நேரம் தன் கையில் இருப்பவர்களின் சிக்கல் அது.

உர்சுலா லெ குவின் 1973-இல் எழுதிய ஓமெலாஸ் கதைக்கு இன்றுவரை மறுமொழிக் கதைகள் வந்தபடி இருக்கின்றன. ஒரு குழந்தையின் வதையில் ஒரு நகரமே சுகமாக வாழும் கதை அது. இசபெல் ஜே. கிம் 2024-இல் எழுதிய மறுமொழிக்கு நெபுலா கிடைத்தது. கூர்மையான நக்கல்தான், ஆனால் முதல் கதையைப் படிக்காதவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். விருது வாக்காளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சாக இந்தக் கதைகள் ஆகிவருகின்றன என்பது என் குறை.

தமிழுக்கு வந்தால், சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயை வீடுதோறும் தெரிந்த பெயராக்கினார். ஜெயமோகனின் ‘விசும்பு’ கதைகள் நம் மரபுவழி அறிவுத்துறைகளுக்குள் அறிவியல் கேள்விகளை வைத்துப் பார்த்தன. அரூ இதழ் 2019-இல் அறிவியல் சிறுகதைப் போட்டியே நடத்தியது. நான் படித்தவரையில் ஆய்வுக்கூடம் வருகிறது, விண்கலம் வருகிறது, ஐ.டி. அலுவலகம் தாராளமாக வருகிறது. மில் வருவதில்லை. திருப்பூருக்கு நூலும் துணியும் போகிற இந்த வட்டாரத்தில், ஓர் இயந்திரம் வந்து மனிதனின் நாளை மாற்றுவதை மூன்று தலைமுறையாகக் கண்ணால் பார்த்திருக்கிறோம். எதிர்காலக் கதைக்கு இதைவிட நல்ல கச்சாப் பொருள் எங்கே இருக்கிறது?

எழுதினால் ஹியூகோவுக்குப் போகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கதை எந்த மொழியில் இருந்தாலும் வெளிவந்த ஆண்டுக்குத் தகுதி உண்டு. ஆங்கிலத்தில் முதன்முறை வெளியாகும் ஆண்டில் மறுபடியும் தகுதி வரும். ஹாவின் கதை சீனத்தில் முன்பே வந்தது. 2015-இல் கென் லியூவின் ஆங்கிலம் வந்த பிறகுதான் 2016 பட்டியலில் ஏறியது. நமக்குக் கதை எழுதுகிறவர் ஒருவர் போதாது, கென் லியூவைப் போல மெனக்கெடுகிற மொழிபெயர்ப்பாளரும் ஒருவர் வேண்டும்.