பாசியும் படிவும்

அழுக்கு என்பது ஒரு பொருளின் இயற்கையா, அன்றி அப்பொருள் நிற்கும் இடம் பற்றி நாம் அதற்கு இட்ட பெயரா? இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுத்தோமில்லை. கல்கத்தா (2001 முதல் கொல்கத்தா) மாநகரின் தென்பகுதியில் நாம் அறிந்த ஓர் இல்லத்தின் நீச்சற்குளக் கரையில் நின்றபோது எழுந்த வினா இது.

மழைக்காலம் ஓயும் தறுவாய். குளம் முழுதும் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. இல்லத் தலைவர் பிளீச்சிங் பவுடரை மிகுதியாகக் கரைத்து ஊற்றினார். பச்சை நிறம் மாய்ந்தது. ஆயின் நீர் சாம்பல் கரைத்தாற்போல் ஆயிற்று. பாசி செத்தது, குளம் தெளியவில்லை. செத்த பாசி மாவினும் நுண்ணிய துகளாகி அடியில் படிந்து கிடந்தது. வேலையாள் ஒருவரை இறக்கித் துடைப்பத்தால் தேய்க்கச் சொன்னார். தேய்க்குந்தோறும் அடியிலிருந்து புகை எழுவதுபோல் அது எழுந்தது. இயந்திரத்தின் மணல் வடிகட்டியோ அத்துகளைப் பிடிக்கமாட்டாமல் திரும்பவும் குளத்திலேயே கொண்டுவந்து சேர்த்தது.

பாசியைக் கொல்லுதல் கொல்லாமைக்கு இழுக்கன்றோ என்று அன்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். விநயத்தில் பிக்குகள் பயிர் பச்சையை அழித்தலாகாது என்றும், உயிரினம் உள்ள நீரை அறிந்தே பயன்படுத்தலாகாது என்றும் விதிகள் உள்ளன. நீர் வடிகட்டும் துணி பிக்குவின் எட்டு உடைமைகளுள் ஒன்றாயிற்று. இவை துறவியர்க்கு ஆனவை. இல்லறத்தார்க்கு உரிய சீலத்தில் பாசி வருவதில்லை என்றே நாம் கருதுகிறோம். எண்ணமே வினை என்பது பகவானின் போதனை. குழந்தைகள் நோயின்றி நீராட வேண்டும் என்னும் எண்ணம் கொலை எண்ணம் ஆகாது. எம்மை வருத்திய வினா வேறு.

மனத்தை நீருக்கு ஒப்பிடும் வழக்கம் நம் நூல்களில் மிகுதி. சங்காரவ சூத்திரத்தில் காமம் சாயம் கலந்த நீர். வெகுளி கொதிக்கும் நீர். சோம்பலும் மடிமையும் பாசி மூடிய நீர். மனக்கலக்கம் காற்றால் அலைப்புண்ட நீர். ஐயம் சேறு கலங்கிய நீர். மிலிந்தன் வினாக்களிலோ, படைகள் கடந்து கலக்கிய ஓடையில் சக்கரவர்த்தியின் மணியை இட்டதும் பாசி அகன்று சேறு அடங்குகிறது. அம்மணி நமக்குக் கிடைத்ததில்லை. படிகாரம் கடையில் கிடைக்கிறது. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளிவித்தனர்.

இவை செய்யும் வேலை ஒன்றே. தனித்தனியே மிதக்கும் நுண்துகள்களைத் திரளச் செய்து, கனம் உண்டாக்கி, அடியில் அமரச் செய்கின்றன. அதற்கு நீர் அசையாதிருத்தல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி ஓரிரு இரவு காத்திருக்க வேண்டும். பின்னர் உறிஞ்சு குழாயைத் தரையோடு தரையாக மெல்ல நகர்த்தி, படிவை வடிகட்டி வழியே செலுத்தாமல் நேரே வெளியேற்ற வேண்டும். நீர் சிறிது குறையும், குறைந்ததை நிரப்பிக்கொள்ளலாம். படிவை அப்படியே விட்டுவிட்டாலோ, ஊற்றுகின்ற மருந்தை எல்லாம் அதுவே உண்டுவிடும். புதிய பாசி அச்சமின்றி முளைக்கும். வெகுளியை அடக்கிவிட்டோம் என்று மகிழ்ந்தபின் அதன் எச்சமாகிய மனக்கசப்பு அடியில் கிடப்பதும் இத்தகையதே. இதைக் கோலிட்டுக் கலக்கித் தீர்க்க முயல்வோர் நம்மில் பலர். நாமும் அவருள் அடங்குவோம்.

இனி, எம்மை வருத்திய வினாவுக்கு வருவோம். அன்று நண்பகலில் குளத்தினின்று மேலேறிய அவ்வேலையாளின் கண்கள் மருந்தின் காரத்தால் சிவந்திருந்தன. குடிக்க நீர் கேட்டார். வாயிற்படிக்கு வெளியே, தனியாக வைத்திருந்த குவளையில் நீர் வந்தது. அழுக்கை உண்டாக்கியவர் உள்ளே இருக்க, அழுக்கை நீக்கியவர் அழுக்குடையவர் ஆனார்! இந்தக் கணக்கு எந்த நீதியில் அடங்கும்?

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களோடு நீர் பருகினார். விலங்குகளும் பருகிய குளம் அது. அதன்பின் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடங்கள் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தனர். சாணம் கலந்த நீர் தூயது, மனிதன் தொட்ட நீர் தீட்டு என்றால், அங்கே சேறு இருந்தது குளத்தில் அன்று என்பது தெளிவு. வழக்கு நடந்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம்மவர் உரிமையை உறுதி செய்தது.

இதே கல்கத்தாவின் கிழக்கெல்லையில் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பில் ஈரநிலம் பரந்துள்ளது. நகரின் கழிவுநீர் அங்கே ஆழமற்ற மீன்குளங்களில் தேங்குகிறது. வெயிலைக் கொண்டு பாசி வளர்கிறது. பாசி வெளியிடும் உயிர்க்காற்றால் கழிவு சிதைந்து நீர் திருந்துகிறது. பாசியை மீன் உண்கிறது. மீன் நகரத்தார் இலைக்கு வருகிறது. துருவஜோதி கோஷ் என்னும் பொறியியலாளர் இதன் அருமையை உலகிற்கு எடுத்துரைத்தார். 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இது இடம்பெற்றது. வீட்டுக்குளத்தில் பகையாய் இருந்த பாசி, சில கல் தொலைவில் ஊருக்குச் சோறிடுகிறது. பாசி தன் இயல்பில் மாறவில்லை; இடமே மாறியது. பிறவியிலேயே தீட்டு ஒட்டியிருக்கிறது என்று ஓதுவோர் ஒருநாள் அந்த மீன்குளக் கரையில் நின்று பார்க்கலாம். ஆனால் அவர்கள் மீனை மட்டுமே பார்ப்பார்கள் போலும்.

இதை எல்லாம் அவ்வில்லத் தலைவரிடம் எடுத்துரைத்தோம். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. படிகாரம் இட்டு இரண்டு இரவு கழிந்தது. மூன்றாம் நாட் காலை நாம் சென்றபோது, வேட்டியை மடித்துக் கட்டி உறிஞ்சு குழாயைத் தாமே பிடித்திருந்தார். வேகமாகத் தள்ளினார், துகள் எழுந்தது. கரையில் அமர்ந்திருந்த வேலையாள், "மெல்ல, பாபு, மெல்ல" என்றார்.