யாருடைய வாள்?

முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை நடத்துவது நான். ஆடுவது தெருப் பிள்ளைகள் நான்கு பேர். ஒரு மந்திர வாளால் இந்த ஆட்டமே நின்றுபோகப் பார்த்தது.

உறையிலிருந்து எடுத்தால் தீப்பற்றி எரியும் வாள். குகையில் பூதத்தை வீழ்த்திய பையன் எடுத்துக்கொண்டான். அதன்பிறகு சண்டை என்று வந்தால் அவனே முடித்துவிடுவான். மற்ற மூவரும் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நாலாவது வாரம் ஒருத்தி கேட்டேவிட்டாள்: "நாங்க எதுக்குண்ணா வர்றோம்? கை தட்டவா?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு வரம்பு இருக்கிறது. சக்திமிக்க பொருட்கள் பலவற்றோடு பாத்திரம் சற்று நேரம் அமர்ந்து தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். ஒரே சமயத்தில் மூன்று பொருட்களோடுதான் அப்படிப் பிணைய முடியும். நல்ல விதிதான். ஆனால் ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஒரே பொருள் ஒரே கையில் எவ்வளவு காலம் இருக்கலாம் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்த மாதிரி இடங்களில் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று வீட்டு விதி வகுத்துக்கொள்ளும்.

எனக்குப் பழவேற்காடு ஞாபகம் வந்தது. அங்கே ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம். வலை போடுகிறவர்கள் நிறைய. அதனால் நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. முறை வைத்துச் சுற்றிவரும். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. இதை எந்த அரசாங்கமும் எழுதிக் கொடுக்கவில்லை, கரையில் உட்கார்ந்து அவர்களே பேசி வைத்துக்கொண்டது.

அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு சாகசம் முடிந்தால் வாள் அடுத்தவர் கைக்குப் போகும். பையன் கொதித்துப்போனான். "நான்தானே பூதத்த அடிச்சேன்? அவங்ககிட்ட எதுக்குக் குடுக்கணும்?"

லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. உழைத்தவனுக்குத்தான் உரிமை என்பதை நாம் எல்லோரும் நம்புகிறோம். அவன் அடித்தபோது தீப்பந்தம் பிடித்தவள் ஒருத்தி, காயத்துக்கு மருந்து போட்டவன் ஒருவன் என்று நான் வாதாடலாம். உண்மைதான், ஆனாலும் அவனுடைய வலி அதில் தீராது. அந்த வாளுக்கு அவன் பெயர்கூட வைத்திருந்தான்.

பாடு முறையிலேயே அவனுக்கும் பதில் இருந்தது. இடம்தான் சுற்றும்; தன் பாட்டில் விழுந்த மீன் வலை போட்டவருடையது. வாள் கைமாறும். அதை வைத்து அவன் வென்ற வெற்றிகளும் அவன் வைத்த பெயரும் அவனுடையவை. இதைச் சொன்னபோது அரைமனதாகத் தலையாட்டினான்.

நம் இலக்கியத்தில் மந்திரப் பொருள் என்றால் மணிமேகலையின் அமுதசுரபிதான் முதலில் நினைவுக்கு வரும். சிந்தாதேவி கொடுத்த அந்தப் பாத்திரத்தால் ஆபுத்திரன் மதுரையில் பசித்தவர்களுக்குச் சோறு போட்டான். மழை பெய்து நாடு செழித்ததும் கேட்டு வர ஆளில்லை. பஞ்சம் பட்ட சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன் வழியில் மணிபல்லவத் தீவில் தனியாக விடப்பட்டான். பாத்திரம் கையில் இருந்தது, சாப்பிட்டு உயிர்வாழ்ந்திருக்கலாம். பல உயிர்களுக்கானதை வைத்துத் தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப அவனுக்கு மனம் வரவில்லை. கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்நீத்தான். பிள்ளைகளிடம் அவ்வளவு பெரிய அறத்தை நான் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. தியாகியாக இருந்தால்தான் பகிர முடியும் என்றால் யாருமே பகிர மாட்டார்கள். சாதாரண மனிதர்கள், ஆசை உள்ளவர்கள், சண்டை போடாமல் பகிர்ந்துகொள்ளத்தான் முறை வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். ஒரு மாதம் கழித்துப் புதிதாக ஒரு பெண் ஆட வந்தாள். வாள் முறைப் பட்டியலில் அவள் பெயரை நான் சேர்க்கவில்லை. குகைக்கு வராதவளுக்கு என்ன பங்கு என்று நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் பேசாமல் பகடை உருட்டிவிட்டுப் போனாள்.

பழவேற்காட்டுப் பாட்டிலும் இந்த ஓட்டை உண்டு. பாடுரிமை சில ஊர்களின் குறிப்பிட்ட சமூகத்துக்கே என்று வழக்கமாகிவிட்டது. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்றவர்கள் எங்களுக்கும் முறை வேண்டும் என்று கேட்டபோது சச்சரவு வந்தது. பட்டியலுக்குள் இருப்பவர்களுக்கு அது அப்பழுக்கில்லாத நீதி. வெளியே நிற்பவருக்கு அதே பட்டியல்தான் வேலி. சுற்றிவருவது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறதோ அவ்வளவுக்கு அந்த வேலி கண்ணில் படாமல் போகிறது. எனக்கும் படவில்லை.

கதை நடத்துகிறவனுக்கு வாளில் பாடு கிடையாது. அதனாலேயே நான் நடுநிலையானவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யார் பெயரை எழுதுவது என்ற அதிகாரம் அந்த வாளைவிடப் பெரியது, அது முறை வைத்துச் சுற்றாமல் என்னிடமே இருந்தது.

இப்போது பட்டியலை ஆடுகிறவர்களே எழுதுகிறார்கள். புதியவளின் பெயரை முதலில் எழுதியது பூதத்தை அடித்த பையன். "அவளும்தானே ஆட வர்றா" என்றான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான்: வாளின் பெயரை மட்டும் யாரும் மாற்றக்கூடாது.