கதைக்கு விழும் கண்ணீர்



ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் எமக்கு மூன்று பக்கக் கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். காலெலும்பு முறிந்து, ஒரு கிழமையாகக் கட்டிலை விட்டு இறங்க முடியாத நிலை. பெறாமகள் வாசிகசாலையில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். ஆறு நாளில் ஐந்து நாவல்கள் முடிந்துவிட்டன. ஒரு துப்பறியும் நாவல், ஒரு சரித்திர நாவல், ஒரு காதல் நாவல், எமது மண்ணின் நாவல் ஒன்று, கடைசியாக விக்ரர் ஹியூகோவின் 'ஏழை படும் பாடு'.

சனிக்கிழமை பிற்பகல் அந்தக் கடைசி நாவலில் பாந்தீன் என்ற ஏழைத் தாய் சாகும் இடத்தை வாசித்து, தலையணை நனைய அழுதிருக்கிறார். அந்த நேரத்தில் கோவிலில் துக்க மணி அடித்தது. அடுத்த வளவில் இருந்த விதவைப் பெண்மணி இறந்துவிட்டார். "அவருக்காக என் கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை, சுவாமி. இது பாவசங்கீர்த்தனத்திற் சொல்ல வேண்டியதா, அல்லது என் மனந்தான் மரத்துப் போயிற்றா?" என்று கேட்கிறார். பெயரை வெளியிடாமல் எழுதலாம் என்று அனுமதியும் தந்திருக்கிறார்.

பாவமா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. கண்ணீர் மனிதனின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை. புனித தோமஸ் அக்குவீனாஸ் இரக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார். ஒன்று, பிறர் துன்பத்தைக் கண்டு தானாக எழும் உணர்ச்சி. மற்றது, அறிவின் வழி நின்று அத்துன்பத்தைத் தன்னுடையதாக ஏற்கும் மனத்தின் அசைவு. இரண்டாவதையே அவர் புண்ணியம் என்கிறார். ஆகவே அழாதது பாவமல்ல; அழுதது புண்ணியமுமல்ல. ஆனால் சகோதரியின் மனதை உறுத்துவது இந்த விடையால் தீர்ந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த உறுத்தல் மிகப் பழையது. புனித அகுஸ்தீன் தம் வாழ்வை இறைவன் முன் எடுத்துரைக்கும் நூலை ஏறத்தாழ 397ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். இளமையில் வேர்ஜில் என்ற கவிஞரின் காவியத்தைப் படித்து, காதலுக்காக உயிரை மாய்த்துக்கொண்ட தீதோ அரசிக்காக அழுததையும், இறைவனை விட்டு விலகிச் செத்துக்கொண்டிருந்த தமக்காக அழாததையும் அதில் அவர் நொந்து சொல்கிறார். நாடக அரங்கைப் பற்றி அவர் சொல்வது இன்னும் கூர்மையானது. அங்கே பார்ப்பவனை யாரும் உதவிக்கு அழைப்பதில்லை, வருந்த மட்டுமே அழைக்கிறார்கள். அவனும் வருத்தத்தை அனுபவித்து, நிறைவோடு வீடு திரும்புகிறான்.

அவருக்கும் முன்னர், புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர் ஒரு கொடுங்கோலனைப் பற்றி எழுதினார். பேரே நகரை ஆண்ட அலெக்சாந்தர் அவன் (மகா அலெக்சாந்தர் அல்ல). துரோய் நகரப் பெண்களின் துயரைக் காட்டும் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென எழுந்து வெளியேறிவிட்டான். தான் கொன்றவர்களில் ஒருவருக்கேனும் இரங்காதவன், மேடையில் நடிக்கப்படும் துன்பத்துக்கு அழுவதை மக்கள் கண்டுவிடக் கூடாதே என்ற வெட்கம் அவனுக்கு. வெட்கமாவது அவனுக்கு இருந்தது.

இப்போது சகோதரியின் ஐந்து நாவல்களையும் எடுத்து, அவற்றில் வரும் சாவுகளை மட்டும் பாருங்கள்.

துப்பறியும் நாவல் அகதா கிறிஸ்ரி 1926இல் எழுதியது. றோஜர் அக்றொயிட் என்ற செல்வந்தர் தம் அறையிற் குத்திக் கொல்லப்படுகிறார். அவருக்காக அழுத வாசகர் ஒருவரை நான் கண்டதில்லை! திறப்புக்குப் பூட்டு எப்படியோ, அந்தக் கதைக்குப் பிணம் அப்படி. அதைத் திறந்து பார்க்கும் ஆவல்தான் எமக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நோயிலும் கவலையிலும் கிடப்பவருக்கு மனதை ஒரு புதிருக்குள் ஒதுக்கி வைப்பது நல்ல மருந்து. செஸ்ரர்ட்டன் 1911 முதல் நூலாக வெளியிட்ட பிறவுண் சுவாமியார் கதைகள் மட்டும் சற்று வேறு விதமானவை. கொலைகாரனை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால், அந்தச் சின்னச் சுவாமியார், தாமே அந்தக் கொலையைச் செய்யக்கூடிய மனநிலை வரும்வரை உள்ளே போய்ப் பார்ப்பதாகச் சொல்வார். ஆண்டுக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் கேட்டவரின் முறை அது.

சரித்திர நாவல் கல்கியின் 'பார்த்திபன் கனவு'. வெண்ணாற்றங்கரைப் போரில் பார்த்திபனோடு சோழப் படையே அழிந்து போகிறது. வாசகரின் துக்கமெல்லாம் பார்த்திபனுக்கே போகிறது. அவனோடு விழுந்தவர்களுக்குப் பெயரில்லை, தாய் இல்லை, கனவும் இல்லை. அரசனின் கனவுதான் சித்திர மண்டபத்தில் ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்தது.

காதல் நாவல் ரமணிசந்திரனுடையது. அதில் யாரும் சாகவில்லை என்று சகோதரி நன்றியோடு எழுதியிருக்கிறார். இவற்றை ஏளனம் செய்வோர் பலர். இழவு கண்ட வீடுகள் நிறைந்த நாட்டில், நல்லபடியாக முடியும் கதை ஒன்றைத் தேடி எடுக்கும் தாயை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை.

'வாடைக்காற்று' எம்மவர்க்கு அறிமுகம் தேவையில்லாதது. செங்கை ஆழியான் எழுதியது. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. வாடைப் பருவத்தில் நெடுந்தீவுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் கடற்றொழிலாளரின் கதை. இங்கே வருபவர்களின் பேச்சும் கோபமும் ஆசையும் எமக்குத் தெரிந்தவை. தெரிந்தவையென்றபடியால் வாசகர் சற்று எச்சரிக்கையாகி, இவர் எந்தப் பக்கத்து ஆள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவதும் உண்டு. தூர தேசத்து ஏழையிடம் அந்தக் கணக்கு எமக்கு இல்லை.

ஐந்தாவதற்கு வருவோம். 1862இல் வெளிவந்த இந்த நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார். பாண் திருடியதிலிருந்து தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிற் கழித்தவன், தனக்கு உணவும் படுக்கையும் தந்த ஆயரின் வெள்ளித் தட்டுகளையே திருடி அகப்படுகிறான். ஆயரோ காவலர் முன்னிலையில், மெழுகுதிரித் தண்டுகளையும் தந்தேனே, ஏன் விட்டுச்சென்றாய் என்று அவற்றையும் அவன் கையிற் கொடுக்கிறார். மன்னிப்பை இவ்வளவு கண்முன் நிறுத்திய பக்கங்கள் உலக இலக்கியத்திற் குறைவு. ஆயினும் 1864இல் எமது திருச்சபையே இந்நூலை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலிற் சேர்த்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1559இல் உரோமையில் தொடங்கிய அந்தப் பட்டியல் 1966இல் சட்டவலு இழந்தது. கதை மனிதரைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் அத்தனை காலம் இருந்தது. கதைக்கு வலிமை உண்டு என்பதை அந்த அச்சமும் ஒப்புக்கொண்டது.

பாந்தீன் சாகும்போது நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? குழந்தையின் பராமரிப்புக்குப் பணம் அனுப்பத் தன் கூந்தலை விற்றாள், பல்லை விற்றாள், கடைசியில் உடலையும் விற்றாள், அந்தக் குழந்தையைக் காணாமலே செத்தாள் என்பதையெல்லாம் ஆசிரியர் அத்தியாயம் அத்தியாயமாக உங்களை அருகில் இருத்திக் காட்டியிருக்கிறார். அவள் பணம் அனுப்பியதை வாங்கியவன் அறிந்ததைவிட நீங்கள் அதிகம் அறிவீர்கள். உங்கள் கண்ணீருக்கு ஒரு பெரிய கலைஞன் நெடுங்காலம் உழைத்திருக்கிறான்.

அடுத்த வளவுப் பெண்மணிக்காக அப்படி உழைத்தவர் யார்? சகோதரியின் கடிதத்திற் பாந்தீனுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அயலவருக்கு நான்கு வரிகள். இடியப்பம் அவித்து விற்றவர், ஒரே மகன் வெளிநாட்டில், கொஞ்சம் வாய்க்காரி, வேலிச் சண்டை ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அந்த நான்கு வரிகளையும் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எத்தனை மணிக்கு எழும்பி மா குழைத்தார்? மகனை அனுப்பிய காசு எங்கிருந்து வந்தது? அவர் காதில் தோடு இருந்ததா, அல்லது அதுவும் மகனோடு போயிற்றா? ஹியூகோ இந்த ஒழுங்கையிற் பிறந்திருந்தால் அங்கிருந்துதான் தொடங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபது ஆண்டுகள் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தும் முதல் அத்தியாயமே எமக்குக் கிடைக்கவில்லை என்றால், கடைசி அத்தியாயத்தில் அழுகை எப்படி வரும்? பாந்தீன் எம்முடைய வேலியை ஓர் அங்குலமும் தள்ளிப் போடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அவளிடம் இரக்கம் கொள்ள எமக்கு எந்தச் செலவும் இல்லை.

அப்படியானால் நாவல்களை மூடி வைக்கலாமா? விவிலியத்தில் தாவீது அரசனை நினையுங்கள். உரியாவின் மனைவியை எடுத்தான், உரியாவைப் போர்முனையிற் சாகவிட்டான், மனம் அசையவில்லை. இறைவாக்கினர் நாத்தான் வந்து ஒரு கதை சொன்னார். ஏழை ஒருவன் மகளைப் போல வளர்த்த ஒரேயொரு ஆட்டுக்குட்டியைச் செல்வந்தன் பறித்துக்கொண்டான் என்ற கதை. தாவீது கொதித்தெழுந்தான். உண்மையான மனிதனின் இரத்தத்துக்குக் கலங்காதவன், கதையில் வந்த ஆட்டுக்குட்டிக்காகச் சினந்தான்! எமது சகோதரியின் நிலையும் இதுதானே? ஆனால் நாத்தான் அவனைக் கடிந்து, கதைக்கு உருகுகிறாயே என்று கேட்கவில்லை. அந்தச் சினத்தை அணையவிடாமற் பிடித்து, நீயே அந்தச் செல்வந்தன் என்று அவன் பக்கம் திருப்பிவிட்டார். கதை இல்லாவிட்டால் அந்த வாசல் திறந்திருக்காது. கதையோடு மட்டும் நின்றிருந்தால், தாவீது நீதியுள்ள அரசன் என்ற நினைப்போடு அன்றிரவு நன்றாக உறங்கியிருப்பான்.

நாவல் எழுதுபவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. புத்தகத்தை மூடியபின் அந்தத் திருப்பத்தைச் செய்ய வேறு யாரும் இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், கிறிஸ்தவர்களின் உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு பற்றி 2024இல் ஒரு மடல் எழுதினார். 1964, 1965 ஆண்டுகளில் ஆர்ஜென்ரீனாவின் சாந்தா பே நகரில் இயேசுசபைப் பாடசாலையொன்றில் அவர் இலக்கியம் கற்பித்தவர். பாடத்திட்டத்திலிருந்த பழங்காவியம் மாணவருக்குச் சலித்துவிட்டது. அதை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளரைப் பேசவிட்டாராம். மனம் தானாகத் திறக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார்.

ஒரு தடை எழலாம். நாவலே வாசிக்காதவர்கள் இரக்கமற்றவர்களா? இல்லவே இல்லை. எமது கிராமங்களில் செத்தவீட்டுக்கு முதலில் ஓடி வந்து, உடலைக் கழுவி, சேலை உடுத்தி, இரவிரவாகச் செபமாலை சொல்லி, விடிய அடுப்பு மூட்டித் தேத்தண்ணீர் கொடுக்கும் பெண்களைப் பாருங்கள். அவர்களிற் பலர் ஒரு கதைப்புத்தகத்தையும் திறந்ததில்லை. அயலாரின் அத்தியாயங்களை அவர்கள் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் வாசித்தவர்கள். கட்டிலிற் கிடந்தபடி ஹியூகோவை வாசித்த ஒருவர், கால் தேறியதும் அந்தப் பெண்களிடம் போய், இறந்தவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்கலாம். முப்பத்தோராம் நாளுக்கு மகன் வருவாரானால் அவரிடமும் கேட்கலாம். தாயைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அவரும் வந்து இறங்குவார்.