ஆண்டியா நிக்கிறதுக்கு வெக்கப்படாதீங்க



போன வாரம் ஒரு தங்கச்சி மெசேஜ் பண்ணியிருந்தா. ஈரோட்டுப் பக்கம். மேல்படிப்புக்கு அடுத்த மாசம் ஜெர்மனி போறா. கல்யாணம் ஆகல, அங்க சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தரும் இல்ல. "அண்ணா, பையில வேல் எடுத்து வெச்சுட்டேன். முருகன் கூட வருவாரா?"ன்னு கேட்டிருந்தா.

"கண்டிப்பா வருவாரும்மா"ன்னு ஒரே வரியில அனுப்பியிருக்கலாம். ஆனா நானும் அதே மாதிரி ஒத்தை ஆளா பெர்லினுக்குப் போனவன். கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மாம்பழக் கதை எல்லாருக்கும் தெரியும். உலகத்தைச் சுத்தி வந்த பிள்ளைக்குப் பழம் இல்லைன்னு ஆனதும் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டான். நாம அந்தக் கோபத்தோடயே கதையை முடிச்சிடறோம். அதுக்கப்புறம் அவன் எப்படி நின்னான்னு பாருங்க. நகை இல்ல, பட்டு இல்ல, மயில்கூட பக்கத்துல இல்ல. கையில ஒரு தண்டு, இடுப்புல கோவணம். அப்படியே மலை உச்சியில, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி நின்னான். "எனக்கு ஒண்ணும் குறையில்ல"ன்னு வேஷம் போடல. தேடி வந்த அப்பா அம்மா முன்னாடியும் அதே கோலம்தான். பழனியில சாயரட்சைக்கு ராஜ அலங்காரத்துல பார்க்கிறோமே, அதே மூர்த்திதான் ஆண்டியாவும் நிக்கிறார்.

நாம என்ன பண்றோம்? வீடியோ கால்ல கேமராவை ரூம்ல அழகா இருக்கிற மூலைக்குத் திருப்பி வெச்சுக்கறோம்.

நான் போய் இறங்கினது ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஞாயித்துக்கிழமை அங்க கடை திறக்காதுன்னு யாரும் சொல்லல. அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி இருக்கு, சோறாக்க அரிசி இல்ல. பொடியை வெறும் வாயில போட்டுத் தண்ணி குடிச்சேன். குடியேறின ரெண்டு வாரத்துக்குள்ள முகவரியைப் பதிவு பண்ணணும், அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட தாள் வேணும். அந்தப் பதிவு இல்லாம மத்த வேலை எல்லாம் தள்ளிக்கிட்டே போகும். இதெல்லாம் அலைச்சல்தான், ஆனா எப்படியோ முடிஞ்சிடும். (பையில வேல் இருந்தா ஆபீஸ் வேலை எல்லாம் தானா முடியும்னு வர்ற ஃபார்வேர்டுகளை நம்பாதீங்க. வேல் இருக்கட்டும், ஃபைலும் ஒழுங்கா இருக்கட்டும்.)

நிஜமான கஷ்டம் அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சது. அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைப்பாங்க. நம்ம ஊருக்கும் அங்கயும் நாலரை மணி நேர வித்தியாசம் ஆயிடும். அம்மா ராத்திரி ஒம்பது மணிக்குக் கூப்பிட்டா எனக்கு சாயங்காலம் நாலரை. ஆனா ஜன்னலுக்கு வெளிய ரெண்டு ஊர்லயும் ஒரே இருட்டு. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்மா." தினமும் இதே பொய்.

அந்த வருஷம் கந்த சஷ்டி நவம்பர்ல வந்துச்சு. ஆறு நாளும் விரதம் இருந்தேன். சூரசம்ஹாரத்தன்னிக்கு பிரிட்ஸ் பகுதியில இருக்கிற மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனேன். ஈழத்துச் சனங்க கட்டி எழுப்பின கோயில். நாள் முழுக்க வாயே திறக்காத ஊர்ல, அந்த வாசல்ல நுழைஞ்சதும் காதுல தமிழ் விழுந்துச்சு. ஒரு தூண் ஓரமா நின்னு அழுதுட்டேன்.

அடுத்த வாரமும் போனேன். பிரசாதம் கொடுத்துக்கிட்டிருந்த ஒரு அம்மா கூப்பிட்டாங்க. "தம்பி, சாப்பிட்டுட்டுப் போங்கோ."

"வேணாம்மா, விரதம்."

அவங்க கரண்டியைக் கீழ வெச்சுட்டாங்க. "சஷ்டி முடிஞ்சு ஒரு கிழமை ஆச்சுதே. பிறகென்ன விரதம்?"

என்கிட்ட பதில் இல்ல. அது விரதமே இல்ல. சமைக்க மனசு இல்லாம, சாப்பிடப் பிடிக்காம, படுத்தே கிடந்ததுக்கு நான் வெச்ச பேரு விரதம். என் சோகத்துக்கு முருகன் பேரைப் போர்த்தி வெச்சிருந்தேன். பக்தின்னு சொல்லிட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, பாருங்க.

அந்த அம்மா என்னை உக்கார வெச்சு இலையில சோறு போட்டாங்க. போட்டுக்கிட்டே அவங்க கதையைச் சொன்னாங்க. 83 கலவரத்துக்குப் பிறகு, பத்தொம்பது வயசுல தனியா கிளம்பினவங்க. "கிழக்கு பெர்லின்ல வந்திறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தனான். கையில ஒரு பை. பாஷை தெரியாது. திரும்பிப் போக ஊரும் இல்ல. நான் ஆரிட்டையும் உதவி கேக்காம இருந்திருந்தா இண்டைக்கு உயிரோட இருந்திருக்க மாட்டன் தம்பி."

அன்னிக்கு ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அரிசி இருக்கா? நான் சொல்றேன், போனை வெச்சுக்கிட்டே ரசம் வை"ன்னாங்க. அங்க நடுராத்திரி. தூங்காம ரசம் சொல்லிக் கொடுத்தாங்க.

கடல் தாண்டிப் போறதே நமக்குப் புதுசில்ல. பர்மா, மலாயான்னு வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார்ல, பெட்டியடிப் பையனா வேலைக்குச் சேர்ந்தவங்க பலர் சின்னப் பசங்க. குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு, மூணு வருஷத் தவணைக்குத் தனியாப் போவாங்க. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவுல கிட்டங்கின்னு ஒரே நீளக் கூடத்துல ஆளுக்கொரு பெட்டி, பாய். அங்கதான் கணக்கு, அங்கதான் தூக்கம். அந்த ஊர்ல 1859-ல அவங்க எழுப்பின கோயில்ல யாரை வெச்சாங்க? தெண்டாயுதபாணியை. வீட்டை விட்டு வந்த பிள்ளையைத்தான். எனக்கு அது ரொம்பப் பொருத்தமாப் படுது.

தங்கச்சி, உனக்கு ரெண்டு மூணு விஷயம். ரூம்ல சூடம் கொளுத்தாதே, கூரையில புகை மணி இருக்கும். நான் கொளுத்தி, பக்கத்து ரூம் பொண்ணு ராத்திரி உடுப்போட வெளிய ஓடி வந்தா. விபூதி போதும். முதல் வருஷம் கடுமையான விரதம் எதுவும் எடுக்காதே. மனசு ரொம்ப இருண்டு போனா, அர்ச்சனையோட நிறுத்திக்காம டாக்டரையும் பாரு. பல்கலைக்கழகத்துலயே மனநல ஆலோசனை கேட்டுப் பாரு.

கோயிலுக்குப் போனா கும்பிட்டுட்டு உடனே கிளம்பிடாதே. நேரா சமையல்கட்டுக்குப் போய், "அம்மா, பாத்திரம் கழுவட்டுமா?"ன்னு கேளு. பெர்லின்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட முதல் அஞ்சு பேரும் அந்தத் தொட்டி பக்கத்துல கிடைச்சவங்கதான்.

முருகன் வருவாரான்னு கேட்டியே. எனக்கு அவர் கையில கரண்டியோட வந்தார், யாழ்ப்பாணத்துப் பேச்சுல. உனக்கு எப்படி வருவாரோ தெரியாது. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் பண்ணு. சாப்பிட்டியான்னு கேப்பேன், உண்மையைச் சொல்லணும்.

ஓம் சரவணபவ.