ஏந்தும் கைகள்



இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிஃபா (1925-2015) அவர்கள் பாடிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாடலைக் கேளாத செவி தமிழகத்தில் அரிது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், பெரியகுளம் என நம் தேனிச் சீமையிலும் அந்தக் கம்பீரக் குரலை அறியாத வீடு இராது. ‘இறைவன்’ என்ற பொதுச்சொல்லால் அமைந்திருப்பதால் மாற்று மதச் சகோதரர்களும் அதை விரும்பிக் கேட்கின்றனர். ராகம் நம் நெஞ்சில் நின்றுவிட்டது. பொருள் நின்றதா? அதைத்தான் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

கேட்பவருக்கு அல்லாஹ் மறுப்புச் சொல்வதில்லை என்பதே அப்பாடலின் சாரம். இதைக் கேட்கும்போது சில உள்ளங்களில் ஒரு வேதனை எழுகிறது. “ஐவேளையும் கேட்கிறோமே! மகளுக்கு வரன் அமையவில்லையே! கடன் தீரவில்லையே! நோய் விலகவில்லையே!” என்று ஏங்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! இவர்களுக்கு என்ன பதில்?

நாயகம் (ஸல்) அவர்கள் இதற்குத் தெளிவான பதிலை அருளியுள்ளார்கள். பாவத்தையோ, உறவை முறிப்பதையோ கேட்காத ஒரு முஸ்லிமின் துஆவுக்கு மூன்றில் ஒன்று நிச்சயம் உண்டு. கேட்டது விரைவில் கிடைக்கும். அல்லது மறுமைக்காகச் சேமித்து வைக்கப்படும். அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு அவரை விட்டும் அகற்றப்படும். ஹழ்ரத் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ளது.

நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலைக்கு அப்பால் பெய்யும் மழையை முல்லைப் பெரியாறு அணை தேக்குகிறது. 1895-ல் திறக்கப்பட்ட அந்த அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் வருகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் அதை நம்பி விளைகிறது. அணையில் நீர் தேங்கி நிற்கும் நாளில், “எனக்கு நீர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்” என்று விவசாயி அழுவதுண்டா? காலம் வரும்போது மதகு திறக்கும் என்று நாற்றங்காலைத் தயார் செய்கிறார். அணை நீரைத் தருகிறது, சேமிக்கிறது, வெள்ளத்தையும் தடுக்கிறது. அல்லாஹ்வுக்கு உவமை ஏதுமில்லை. நமக்கு விளங்குவதற்காகவே இதைச் சொல்கிறோம். மனிதன் கட்டிய அணையை நம்புகிற நாம், மழையைப் படைத்தவனிடம் அவசரப்படலாமா? “கேட்டேன், கிடைக்கவில்லை” என்று அவசரப்படாத வரை அடியானின் துஆ ஏற்கப்படும் என்பது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காணப்படும் நபிமொழி.

ஆனால் கையை ஏந்தினால் மட்டும் போதுமா? பயணத்தில் களைத்து, தலைவிரிகோலமாய், புழுதி படிந்து, வானை நோக்கிக் கையுயர்த்தி “இறைவா! இறைவா!” என்று அழைக்கும் ஒரு மனிதரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவருடைய உணவும் ஹராம், பானமும் ஹராம், உடையும் ஹராம். அவருடைய துஆ எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள் (முஸ்லிம்). கை உயர்ந்தது, ஆனால் அந்தக் கை எதைச் சம்பாதித்தது என்பதல்லவா கேள்வி!

பாடலின் ஆழமான பொருளுக்கு இப்போது வருவோம். நாயகம் (ஸல்) அவர்களிடம் எதைக் கேட்டாலும் அவர்கள் ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை என ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ரப்பு மறுப்பதில்லை. அவனுடைய ரஸூலும் மறுத்ததில்லை. அந்த ரப்பிடம் கையேந்தி, அந்த ரஸூலின் உம்மத் என்று பெருமைப்படும் நம் நாவில் மட்டும் ‘இல்லை’ என்ற சொல் எத்தனை எளிதாக வருகிறது!

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். திராட்சைப் பந்தலின் கீழ் நாளெல்லாம் தலைநிமிர்த்தி வேலை செய்பவர்களையும் அறிவோம். வாரக் கடைசியில் அவர்கள் வந்து நின்றால், “சில்லறை இல்லை, விலை இறங்கிவிட்டது, நாளை வா” என்று சொல்லிவிட்டு, தொழுகைக்கு விரைந்து அல்லாஹ்விடம் கையேந்தினால் அது நியாயமா? வேலையை முழுவதும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் எச்சரிக்கும் ஹதீஸ் குத்ஸீ புகாரியில் உள்ளது. அல்லாஹ்வே எதிர்வாதியானால் நமக்காக வாதாட யார் உண்டு? கூலி தருமமல்ல, உழைத்தவரின் உரிமை. அதைக் கொடுத்த பிறகுதான் தருமத்தின் கணக்கே தொடங்குகிறது.

நிஜமாகவே கையில் ஒன்றும் இல்லாவிட்டால்? அதற்கும் திருமறை வழிகாட்டுகிறது. கேட்டு வருபவரை விரட்டக் கூடாது என்பது 93-வது அத்தியாயத்தின் கட்டளை. கொடுக்க இயலாத நேரத்தில் அவரிடம் கனிவாகப் பேச வேண்டும் என்கிறது 17:28. கொடுத்துவிட்டுக் குத்திக் காட்டுவதைவிட இனிய சொல்லே மேல் என்கிறது 2:263. வெறுங்கையோடு அனுப்ப நேர்ந்தாலும் உடைந்த உள்ளத்தோடு அனுப்பலாகாது.

அடியான் அழைத்தால் பதில் தருவதாக வாக்களிக்கும் 2:186-ஆம் வசனமே, அடியார்களும் தன் அழைப்புக்குச் செவிசாய்க்கட்டும் என்கிறது. ஆகவே துஆ ஒருவழிப் பாதையல்ல. நம் அழைப்பை அவன் கேட்க வேண்டுமென்றால், அவன் அழைப்பை நாம் கேட்க வேண்டும்.

அடுத்த முறை அந்தப் பாடல் காதில் விழும்போது, நம் வாசலில் ஏந்தப்பட்ட கைகளை நினைத்துப் பார்ப்போம். தர வேண்டிய கூலி பாக்கி உண்டா? திருப்ப வேண்டிய அமானிதம் உண்டா? அதை முதலில் கொடுத்துவிட்டு முஸல்லாவில் அமர்வோம். பிறகு ஏந்தும் கைகளை வெறுமையாகத் திருப்ப அல்லாஹ் வெட்கப்படுகிறான் என்ற நபிமொழி (திர்மிதீ, அபூதாவூத்) நமக்கு ஆறுதலாக இருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் துஆக்களை ஏற்று, பிறர் துயர் துடைக்கும் கைகளாக நம் கைகளை ஆக்குவானாக! ஆமீன்.